பாறையைக் கழுவி வைத்த விஷயம்

அன்புள்ள கொழுந்தனாருக்கு அண்ணி எழுதிக்கொண்டது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அதற்கே தனிக் கடிதம் ஆகும், அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் வரைபடம் போடுகிற பெரிய அணைக்கு, அடியில் மண் எப்படி என்று பார்க்க ஆற்றங்கரையில் துளை போட்டுப் பாறை எடுத்தது உங்கள் அண்ணன்தானே. எடுத்ததெல்லாம் உருளை உருளையாக நாற்பது மரப்பெட்டியில் நம் முன்னறையில்தான் இருக்கிறது, ஆபீசில் இடமில்லையாம். அவர் போய்ச் சேர்ந்து நாலு மாதமாயிற்று, பெட்டிகள் போகவில்லை. ஒரு நாள் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தவள், சும்மா இருக்காமல் எல்லாப் பெட்டியையும் திறந்து, பாறைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பளபளப்பானதை மேல் பெட்டிகளிலும் உதிர்கிறதை அடிப் பெட்டிகளிலுமாக அடுக்கிவிட்டேன். பூமிக்குள் எந்த ஆழத்தில் கிடந்ததோ அதே வரிசையில்தான் வைக்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவரே சொல்லவில்லை.

போன வாரம் பாறை பார்க்கிற அதிகாரி பூதக்கண்ணாடியோடு வந்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா இது, மேல கருங்கல்லு, கீழ களிமண்ணு? இங்க பூமி தலைகீழா நிக்குதா?"

"எனக்கென்ன சார் தெரியும், டீ குடிக்கிறீங்களா?" என்றேன்.

கூட வந்தவர், "துளை போட்ட ஆளு தூங்கிக்கிட்டே அடுக்கியிருப்பான் சார்" என்றார். டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன் தம்பி. அடுக்கியது நான்தான் என்று சொல்லவில்லை.

களிமண் மேல் அணை நிற்காது என்று, இப்போது அணையையே இருநூறு மீட்டர் தள்ளிப் போடலாமா என்று பேசுகிறார்களாம். தள்ளட்டும், தள்ளாமல் போகட்டும். உங்கள் அண்ணன் வேலையில் தூங்கினார் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லக் கூடாது. அந்த மனுஷனுக்கு வீட்டிலேயே தூக்கம் வராது, உங்களுக்குத் தெரியாததா. இந்தக் கடிதத்தை உங்கள் பெரிய இன்ஜினீயரிடம் உடனே காட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுங்கள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஜீப் வந்தது. மறுபடி துளை போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். ஐந்து பேர், ஒன்றரை மாதம், மூன்று வேளையும் என் வீட்டில்தான் சாப்பாடு. இன்று மதியமே ஒருத்தர் உப்புப் போதவில்லை என்றார். என் சமையலை ஒருத்தர் குறை சொல்லி நாலு மாதம் ஆகிறது தம்பி. அதனால் கடிதத்தை இப்போது யாரிடமும் காட்ட வேண்டாம், அவர்கள் வேலை முடியட்டும். ஒன்றரை மாதம் அந்தப் பழியை உங்கள் அண்ணன் சுமக்கட்டும். என்னை விட்டுவிட்டுப் போனவர்தானே.