குறுக்கீடு பிடிக்கப் புறப்பட்டவர்

குறுக்கீடு பிடிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கே எது கெட்டாலும், கெடுத்தவன் வெளியேதான் இருக்கிறான் என்று உறுதியாக நம்பி, அவனைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். எங்களுக்கு வாய்த்தவர் ஆய்வகத் தலைவர் தர்மராஜ் சார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் எங்கள் ஆய்வகம். விண்வெளித் தொலைநோக்கிக்காகச் சுவாதி மூன்று வருஷம் பாடுபட்டுச் செய்த உணர்கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பனிக்கட்டியே வெந்நீராகத் தோன்றும் அளவுக்குக் குளிரவைத்தால்தான் அது வேலை செய்யும். செல்போன் அலை லேசாகப் பட்டாலும் புது நட்சத்திரம் என்று நம்பிவிடும். அதனால்தான் அலை நுழையாத செம்புத் தகடு அறைக்குள் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மணி நேரம் திரையில் கோடு துள்ளாமல் ஓடினால் கருவி ராக்கெட் ஏறும். இல்லையென்றால் பீரோவுக்குள் போகும்.

முதல் நாள் கோடு ஓடத் தொடங்கியதுமே, வெளியே எல்லாரும் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்க்கச் சார் கதவைத் திறந்தார். கோடு துள்ளியது. விடுவாரா? எங்கள் போன்களைப் பிடுங்கிப் பூட்டினார், வாட்ச்மேன் ரேடியோவை நிறுத்தினார், கேன்டீன் மிக்ஸியை நிறுத்திச் சட்னிக்கே வழியில்லாமல் செய்தார், கடைசியில் பக்கத்து வெங்காயக் காட்டுக்குப் போய்ச் செல்லதுரையிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

"த்ரீ பேஸ் கரண்டே இப்பதான் சார் வந்துச்சு. நீங்க நட்சத்திரம் பாக்க நான் வெங்காயத்த காயப்போடணுமா?"

திரும்பி வந்து மறுபடி கதவைத் திறந்து பார்த்தார். மறுபடி துள்ளல்.

"சார், நீங்க கதவத் தொறக்கறப்பதான்..." என்று சுவாதி இழுத்தாள்.

"பாத்தியாம்மா, நான் தொறக்கற நேரம் பாத்து எவனோ பேசுறான்."

இவரிடம் என்ன சொல்வீர்கள்? வெள்ளிக்கிழமை காலை சுவாதி பணிவாகச் சொன்னாள்: "சார், பூலாம்பாடி செல்போன் டவர் மேல சந்தேகமா இருக்கு. நீங்களே நேர்ல போனாதான் சரியா வரும்."

சார் முகம் மலர்ந்தது. ஜீப் கிளம்பியது. கதவு மூடியது. ஒரு மணி நேரமும் கோடு அசையாமல் ஓடியது. சுவாதி அழுதேவிட்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வந்ததும் ஆபீஸ் லேண்ட்லைனில் சாரிடமிருந்து போன்.

"நான் இங்க வந்து நின்னதும் அடங்கிருச்சாம்மா?"

"ஆமாங்க சார். நீங்க போனதுமே அடங்கிருச்சு."

அடுத்த சோதனைக்கும் டவரடியில் தானே காவல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

படித்ததும் உங்களுக்கும் யாரோ ஒருவர் ஞாபகம் வருகிறாரா? அவருக்கு இதை அனுப்பிவைக்கக் கை பரபரக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கு இதை யார் அனுப்பினார்கள்?