ரத்தத்தில் ஓடும் வாட்ச்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாயில் பேஸ்ட் நுரையோடு, அப்பா அறிவித்தார்: "வாட்சைத் தம்பி பையனுக்குக் குடுக்கப் போறேன்."

எங்கள் வீட்டில் வாட்ச் என்றால் ஒன்றுதான். கொள்ளுத்தாத்தா வாங்கி, தாத்தா கட்டி, அப்பா கைக்கு வந்த பழைய வெள்ளி வாட்ச். கண்ணாடி முழுக்கக் கீறல், எண்களில் பாதி அழிந்துவிட்டது. ஆனால் நின்றதே இல்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கு அப்பாவிடம் ஒரு விளக்கம் உண்டு, தாத்தா சொல்லிக்கொடுத்தது: "இது நம்ம வம்சத்து ரத்தச் சூட்டுல ஓடுற வாட்ச்."

சிரிக்காதீர்கள். தொழிற்சாலை கேட்டில் உட்கார்ந்து, தாமதமாக வருகிறவர்கள் பெயரைக் குறிக்கிற மனிதர் அவர். நேரத்தில்தான் பிழைப்பு. இதை நிஜமாகவே நம்பினார்.

நடப்பது வேறு. குளிக்கப் போகும்போது அப்பா வாட்சைக் கழற்றி அலமாரியில் வைப்பார். குளியலறைக் கதவு சாத்தியதும் அம்மா வருவாள். ஈரக்கையைத் துடைத்துவிட்டு, வாட்சின் பக்கத்தில் இருக்கிற திருகைச் சுற்றுவாள். கர்ர், கர்ர், கர்ர். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் மாமியார் கற்றுக்கொடுத்தது. "ஆம்பளைங்ககிட்ட சொல்லாத. பெருமையா இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். ஆக, இத்தனை வருஷமாக வாட்சை ஓட்டியது வம்சத்து ரத்தம் இல்லை. மருமகள்களின் கட்டைவிரல்.

எனக்கு அந்த வாட்ச் வேண்டும். பள்ளி முடித்துவிட்டேன், நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. நாடி பார்க்க விநாடி முள் வேண்டும். அந்த வாட்சில் தனியாக ஒரு குட்டி வட்டம், அதில் மெல்லிய விநாடி முள். அதைப் பார்த்துத்தான் நான் எண்ணவே பழகினேன்.

"எனக்குக் குடுங்கப்பா."

"உனக்கு எதுக்கு?"

"நாடி பாக்க."

"அதுக்கு பிளாஸ்டிக் வாட்ச் போதும். வாங்கித் தர்றேன்."

"நானும் உங்க வம்சம்தானே?"

"நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ, பாப்பா. இது ரத்த சமாச்சாரம்."

"அப்ப என் ஒடம்புல ஓடுறது என்ன, சிவப்பு மையா?"

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "இவகிட்ட நீயே சொல்லு."

"சரிங்க" என்றாள் அம்மா.

"என்ன சரி?"

"உங்க தம்பி பையனுக்கே குடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இவ்வளவு சீக்கிரம் "சரிங்க" சொன்னால் அப்பாதான் உஷாராகியிருக்க வேண்டும். அவர் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

அன்று மாலையே சித்தப்பா மகன் கையில் வாட்ச் ஏறியது. அப்பா கண்ணைத் துடைத்தார். சித்தப்பாவும் துடைத்தார். மறுநாள் வாட்ச் நின்றது.

அதற்கடுத்த நாள் சித்தி வந்தாள், பின்னால் சித்தப்பா. வாட்சை மேஜைமேல் டொக்கென்று வைத்தாள்.

"மாமா, இது எதுல ஓடும்னு சொன்னீங்க?"

"நம்ம வம்சத்து ரத்தச் சூட்டுல..."

"என் புள்ள கையில நின்னுடுச்சு. அப்ப என் புள்ள யாரு ரத்தம்? சொல்லுங்க!"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலைம்மா!"

"நீங்க சொல்லல. உங்க தம்பிதான் நேத்துலேர்ந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காரு!"

சித்தப்பா தரையைப் பார்த்தார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அதற்குச் சாவி கொடுக்க இன்னும் ஆள் வரவில்லை.

அப்பா வாட்சை எடுத்துத் தன் கையில் கட்டினார். ஓடவில்லை. மறுநாள் அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அம்மா அந்தப் பக்கமே போகவில்லை.

"கடைக்குக் கொண்டு போலாமே" என்றேன்.

"ரத்தத்துல ஓடுறதை கடைக்காரன் என்னடி பண்ணுவான்?"

ரத்தம் சூடேறட்டும் என்று வெந்நீர் குடித்தார். மொட்டைமாடிப் படியில் ஏறி இறங்கினார்.

"ஏங்க, அது நின்னா என்ன? அதான் நீங்க ஓடுறீங்களே!" என்றாள் அம்மா.

வேலைக்குத் தாமதமாகப் போய், கேட்டில் தன் பெயரையே குறித்துக்கொண்டார். டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் மனுஷன் நிஜமாகவே பயந்துபோனார். சோபாவில் சுருண்டு உட்கார்ந்து மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னா நம்ம பொண்ணு கையில கட்டிப் பாருங்களேன்" என்றாள் அம்மா.

"அவ கையிலயா?"

"குடுங்க இப்படி. கண்ணாடியெல்லாம் அழுக்கு."

வாங்கித் திரும்பி நின்று துடைத்தாள். நான் சத்தமாக இருமினேன். கர்ர் யார் காதிலும் விழவில்லை.

என் கையில் வாட்ச் ஏறியது. விநாடி முள் கிளம்பியது.

"ஓடுது! ஏய், ஓடுதுடி! என் ரத்தம்டி நீ!" அப்பா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை. பதினெட்டு வருஷமாக நான் இவர் மகள். அது போதவில்லை. அம்மா சாவி கொடுத்த பிறகுதான் ரத்தமானேன்.

பிறகு சமையலறையில் அம்மாவிடம் கேட்டேன். "உண்மையைச் சொல்லிடலாம்ல? சித்தி பாவம்மா."

"சித்திகிட்ட நான் பேசிக்கறேன். உங்கப்பாகிட்ட சொல்லிட்டா, அப்புறம் தினமும் 'சாவி குடுத்தியா, குடுத்தியா'ன்னு என் உசிரை எடுப்பாரு." காய்த்துப்போன கட்டைவிரலை ஒரு தரம் பார்த்தாள். "இனிமே நீயே சுத்திக்க." அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று பழக்கத்தில் கையைத் தூக்கினார். பட்டை இருந்த இடத்தில் வெளுத்த தோல் மட்டும் இருந்தது.

"ஏய், மணி என்ன ஆச்சு?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க வம்சத்தைக் கேளுங்க."