கிவிக்கு நாவூறு கழித்த கதை

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அதனால் என்னைப் பொறுமைசாலி என்று சொல்வார்கள். பிழை. என் வாய்தான் சும்மா இருக்கும். கை சும்மா இருக்காது. அந்தக் கையால் ஒரு வாயில்லாச் சீவன் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பக்கம் இரண்டு அறை வீட்டில் இருந்த காலம். பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. மகள் தாரணிக்குப் பதினொரு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிச் சோதனையில் பாஸ் பண்ணினால் கேட்டதை வாங்கித் தருவேன் என்று வாயை விட்டிருந்தேன். (அதிகம் கதைக்காதவன் ஒருநாள் கதைத்தால் இப்படித்தான்.) சைக்கிள் கேட்பாள் என்று நினைத்தேன். வாட்டர் டிராகன் கேட்டாள்.

ஓணானுக்குப் பெரியப்பா மாதிரி ஒன்று. இலைப் பச்சை. உடம்பை விட வால் நீளம். தண்ணீரில் கிடக்கும், கொப்பில் ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடிப் பெட்டியோடு கொண்டு வந்தோம். 'கிவி' என்று தாரணி பெயர் வைத்தாள்.

கடைக்காரன் ஒரு தாள் தந்திருந்தான். தாரணி அதை வாசித்துச் சொன்னாள்.

"அப்பா, மூண்டு பக்கமும் துணியால மூடோணுமாம். ரெண்டு கிழமைக்கு ஒருத்தரும் தொடக் கூடாது. சும்மா சும்மா எட்டிப் பாக்கவும் கூடாதாம்."

"புதுசா வந்ததை ஒருத்தரும் பாக்காமல் விடுறதோ? மரியாதை இல்லைப் பிள்ளை."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் அதையும் மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். குழந்தை பிறந்தாலும், ஊரிலிருந்து ஆள் வந்தாலும், கார் வாங்கினாலும் போய்ப் பார்க்க வேண்டும். போகாவிட்டால் பத்து வருடம் சொல்லிக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நோர்பரியிலிருந்து என் அக்கா குடும்பத்தோடு வந்தா. வேலையிடத்து ஆட்களும் வந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். ரோல்ஸ், கேக், ஒரு வீடியோ கேமரா. தாரணி கட்டியிருந்த துவாய்களை நான்தான் கழற்றினேன். மூடி வைத்தால் வந்தவர்கள் எதைப் பார்ப்பது?

கேமரா லைட்டைப் போட்டார்கள். கண்ணாடியில் தட்டினார்கள். தாரணி பெட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, தட்டாதேங்கோ. அதுக்குப் பயம்."

"பிள்ளை, போய் எல்லாருக்கும் தேத்தண்ணி போடு" என்றேன் நான்.

அவள் போனாள். இதை எழுதும்போது அந்த முதுகுதான் தெரிகிறது.

கிவி ஒரு கண்ணை மூடியது. கண்ணடிக்கிறது என்று ஒன்பது பேரும் சிரித்தார்கள். பிறகு மற்றக் கண்ணையும் மூடியது. நித்திரை வந்துவிட்டதாம். இது நான் கொடுத்த விளக்கம்.

திங்கட்கிழமை பச்சை போய் மண்ணிறம் ஆனது. கழுத்தில் கறுப்புக் கோடுகள். புழுவை வைத்தால் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்து அங்கேயும் இங்கேயும் உரசிக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு போன் பண்ணினேன்.

"தம்பி, இது நாவூறு. அவ்வளவு பச்சையா மினுங்கினால் கண் படாதோ? செத்தல் மிளகாய் இருக்குத்தானே?"

இருந்தது.

செவ்வாய் காலை. மனைவி வேலையில், தாரணி பள்ளியில். மூன்று செத்தல் மிளகாய், ஒரு கை கல்லுப்பு. பெட்டியை மூன்று முறை சுற்றினேன். (சுவரோடு இருந்த பெட்டி. இழுத்துத்தான் சுற்றினேன். உள்ளே தண்ணீர் தளும்பியது.) தாச்சியைச் சூடாக்கி, மிளகாயைப் போட்டு, முழுப் பலனும் கிடைக்கட்டும் என்று பெட்டிக்குக் கிட்டவே கொண்டுபோய் வைத்தேன்.

மிளகாய் கமறினால் நாவூறு இல்லை, கமறாவிட்டால்தான் நாவூறு என்பார்கள். கமறியது. எனக்குக் கண் தெரியவில்லை. புகை அலாரம் அலறத் தொடங்கியது. கிவி பாய்ந்தது. கண்ணாடியில் அடித்தது. மறுபடியும் பாய்ந்தது. நான் தாச்சியோடு ஓடி, ஜன்னலை முழுதாகத் திறந்தேன். மாசி மாதக் குளிர் உள்ளே வந்தது. சூட்டில் இருக்க வேண்டிய சீவன். அலாரம் நின்றபோது கிவி தண்ணீருக்குள் கிடந்தது. மூக்கில் இரத்தம்.

தாரணி பள்ளியால் வந்து, போகாத மிளகாய் நெடிக்குள் நின்று பார்த்தாள். அழவில்லை. கிவியைத் துவாயால் சுற்றி ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். "டாக்டரிட்டப் போவம்" என்றாள்.

மிருக வைத்தியர் ஒரு பெண். நல்ல மாதிரி. என் இங்கிலீஷ் பெட்ரோல் விற்க மட்டும் காணும், அதனால் தாரணிதான் கதைத்தாள். டாக்டர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னாள். நிறம் கறுத்தால் பயம். கண்ணை மூடினால் பயம். சாப்பிடாவிட்டால், கண்ணாடியில் மூக்கை உரசினால், அதுவும் பயம். வெளியே போக வழி தேடுகிறதாம்.

கேட்டுக்கொண்டு நின்றேன். நான் லண்டனுக்கு வந்த முதல் நாள் ஒரு அறைக்குள் பதினான்கு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். பிட்டு இறங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கே தெரிந்த வருத்தம். ஒரு ஓணானுக்கு அதைக் கொடுத்தேன்.

டாக்டர் கிவியை முகர்ந்து பார்த்தார். வீட்டில் புகை ஏதாவதா என்று கேட்டார். எனக்கு அது விளங்கியது. தாரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள். டோஸ்ட் கருகிப் போனதாம்.

பஸ்ஸில் வரும்போது ஒரு முறைதான் வாய் திறந்தாள்.

"அப்பா, நான் பொய் சொல்லிப்போட்டன்."

"ஓம்" என்றேன்.

கிவி தப்பியது. இரண்டு கிழமை துவாய் கட்டிய பெட்டிக்குள் இருந்து பச்சைக்குத் திரும்பியது. மூக்கு நுனி மட்டும் கடைசிவரை சப்பையாகவே இருந்தது. ஆறு வருடம் இருந்தது. தாரணியின் தோளில் ஏறும். என் கையில் ஒருநாளும் ஏறவில்லை.

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது உடைத்தால், குழாயைக் கழற்றி வீட்டை வெள்ளமாக்கினால், "டோஸ்ட் கருகிப் போச்சு" என்பார்கள். போன வருடம் வந்த மருமகனும் பழகிவிட்டார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த டாக்டரிடம் பிள்ளையை முந்தி நானே சொல்லியிருக்கலாம். பெரிய இங்கிலீஷ் தேவையில்லை. சில்லி, ஸ்மோக். இரண்டு சொல்லும் எனக்கு அன்றைக்கே தெரியும்.