நடுநிலைக் கல்

மனித குலத்தின் மகத்தான சாதனை அணுகுண்டு அல்ல. அதைப் போட்ட பிறகு, ஏன் போட்டோம் என்று ஆராயக் குழு அமைத்ததுதான்.

குண்டு விழுந்த காலையில், அக்காவின் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரண விஷயம் ஒரு குடைச் சண்டை.

"அடியே, அது என் குடை! நான் கடைக்குப் போக வேண்டாமா?"

"டிராமை விட்டு இறங்கி வெயில்ல அவ்வளவு தூரம் நடக்கணும்க்கா. சாயங்காலம் தந்துடறேன்," என்று தங்கை டெலிபோன் ஆபீசுக்கு ஓடினாள். வெயில் தாழட்டும் என்று அக்கா ஊர்க்கோடி வீட்டிலேயே இருந்துவிட்டாள். குண்டு நடு ஊரில் விழுந்தது. தங்கையைப் புதைக்கக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது அக்காவுக்குத் தலை பஞ்சாய் நரைத்துவிட்டது. ஊருக்கே அவள் அக்காதான். தங்கை இறங்கும் அதே டிராம் நிறுத்தத்தில் நினைவுக்கல் நாட்ட அமைந்த குழுவில் அவள் 'சாட்சி உறுப்பினர்'. வாக்குரிமை கிடையாது, தேநீர் உண்டு. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: கல்லில் தங்கையின் பெயர் போட்டு, 'இங்கே இறங்கி வேலைக்குப் போனாள்' என்று ஒரு வரி.

குழுவில் மூன்று பேராசிரியர்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர்கள்: அவசியம், அநாவசியம், மிரட்டல்.

"குண்டு போட்டதாலதான் போர் நின்னுது. எத்தனை லட்சம் உயிர் பிழைச்சுது! ஏன், நீங்களே பிழைச்சிருக்கீங்களே அக்கா!" என்றார் அவசியம்.

"என்னைக் காப்பாத்தினது குண்டு இல்லை தம்பி, குடை."

"நாமதான் சரணடையத் தயாரா இருந்தோமே! போட்டதே வீண் வேலை," என்றார் அநாவசியம்.

"ரெண்டு பேர் சொல்றதும் தப்பு," என்று மேசையைத் தட்டினார் மிரட்டல். "அந்தக் குண்டு நமக்காகப் போட்டதே இல்லை. இன்னொரு நாட்டை மிரட்டப் போட்டது."

"மிரட்டத்தான்னா கடல்ல போட்டிருக்கலாமே தம்பி?"

"அது நாலாவது விளக்கம் அக்கா. அதுக்கு இன்னும் நாற்காலி போடலை."

பிறகு அக்காவின் வரி 'ஆழ்ந்த பரிசீலனைக்கு' எடுத்துக்கொள்ளப்பட்டது.

"படிச்சா மனசு உருகுது," என்றார் அவசியம். "ஆனா ஒருதலைப்பட்சமா இருக்கே. செத்தவங்க பக்கம் சாயுது."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். குழுவின் வரலாற்றில் அதுவே முதல் ஏகமனதான தீர்மானம்.

மூன்று விளக்கங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால், ஓர் எழுத்தும் இல்லாமல் கல்லைத் திறப்பது என்று முடிவாயிற்று. எழுத்தே இல்லாத கல்லில் யார் குற்றம் கண்டுபிடிக்க முடியும்? திறப்பு விழாவில் கைதட்டல் வானைப் பிளந்தது.

அன்று நல்ல வெயில். மூன்று பேராசிரியர்களும் கருத்து வேறுபாடின்றி ஒரே குடைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க அக்கா? ஒரு குடை வாங்கிக்கக் கூடாதா?" என்றார் மிரட்டல்.

"எதுக்குத் தம்பி? எங்கிட்டதான் ஒண்ணு இருக்கே. தங்கச்சி எடுத்துட்டுப் போயிருக்கா."

எந்தத் தங்கச்சி என்று மூவரும் கல்லைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் எழுதியிருக்கவில்லை, எழுத வேண்டாம் என்றது அவர்கள்தான்.

குடை இன்னும் வரவில்லை.