இரண்டு பாட்டில் ஆயிலும் அப்பாவின் வேகமும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் காரும் நலம். இந்த முறை அதற்கு எழுத்துப்பூர்வமான அத்தாட்சியே இருக்கிறது.

முதலில் குற்றம். தெருவில் மட்டும் ஓட்டச் சொல்லிச் சாவி கொடுத்தாய். ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோனேன். நான்கு முறை. "ஆயில் டெஸ்ட் ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் பேசிக்கிறேன்" என்று போனை வைத்தாய்.

அதனால் ஆயிலை வடித்து ஒரு சின்ன பாட்டிலில் பிடித்தேன், நம் ரத்தப் பரிசோதனை மாதிரிதான், எண்ணெயில் கலந்திருக்கும் உலோகத்தை வைத்து என்ஜினுக்குள் எது தேய்கிறது என்று லேப்காரர்கள் சொல்லிவிடுவார்கள், இதைக் கேட்ட அப்பா தன் கிழட்டுக் காருக்கும் ஒன்று எடுக்கச் சொன்னார், எடுத்தேன், பாட்டிலுக்கு வெளியே எண்ணெய் வழிந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை, மண்ணெண்ணெய் தொட்டு இரண்டையும் துடைத்தார், துடைத்ததில் நான் எழுதிய பெயர்களும் போயின, ஆனால் கவலையில்லை, முத்து முத்தான கையெழுத்தில் அவரே புது லேபிள் ஒட்டி அனுப்பிவைத்தார், நேற்று ரிப்போர்ட் வந்தது.

உன் கார்: தேய்மானம் மிகக் குறைவு. பச்சைக் குழந்தை.

அப்பாவின் கார்: செம்பு, ஈயம், போதாததற்கு ஆயிலில் பெட்ரோல். பேரிங் தேய்கிறது, ஓட்டாதீர்கள், உடனே பிரித்துப் பாருங்கள். சிவப்பு எழுத்தில்.

மெக்கானிக் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், வண்டிய இந்த விரட்டு விரட்டியிருக்கீங்க?"

பல்வலியோடு டாக்டரிடம் போகும்போதுகூட முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மனிதர். மறுக்கவில்லை.

"கொஞ்சம் மிதிப்பேன்" என்றார்.

அம்மா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "அறுபத்திரண்டு வயசுல உங்களுக்கு என்ன ரேஸ் வேண்டிக்கெடக்கு?" அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை, அண்ணா.

ஆக, நிரூபித்துவிட்டேன். நான்கு முறை ட்ராக்கில் ஓடியும் உன் என்ஜின் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டி. பெயர் கொடுத்தாயிற்று. சரி என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு. மெக்கானிக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே அப்பாவின் கார், அடிப்பக்கம் கழன்றுகொண்டிருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பு. உன் கவலையெல்லாம் தீர்ந்து இன்றாவது நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

உன் தங்கை

பி.கு.: மெக்கானிக் என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா காரின் பேரிங்கில் ஒரு கீறல் இல்லை. என் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது. அப்பாவிடம் போய், எந்த பாட்டில் எந்தக் காருடையது என்று எப்படித் தெரிந்தது என்றேன். "நல்லா கறுத்திருந்தது நம்ம வண்டியோடதும்மா. பழசில்ல?"

உன் கார் சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். அடுத்துப் பிரிக்கப்போவது உன் காரைத்தான். ஞாயிறு போகவில்லை. தூங்க வேண்டாம், போன் செய். அப்பா எடுத்தால் மட்டும் எதுவும் சொல்லிவிடாதே. வளைவுக்கு எவ்வளவு முன்னால் பிரேக் மிதிக்க வேண்டும் என்று பஞ்சர் ஒட்ட வந்தவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.