முப்பத்தொன்பதாம் மாடி

கேன்சல் பாரத்தில் கையெழுத்துப் போட வியாழக்கிழமை மாலை ஐந்து மணிதான் கெடு. அதற்குள் விலகினால் கட்டிய பணத்தில் பாதி திரும்பும். தவறினால் வீடு வந்தால்தான் உண்டு.

துபாயின் சத்வா பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் முகம்மது சித்தீக், இன்னும் எழும்பாத ஓர் அறுபது மாடிக் கட்டடத்தில், பன்னிரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட் பதிந்துவைத்திருந்தார். 2008 நவம்பர் அது. துபாய் முழுக்க விலை சரிகிறது என்றே பேச்சு.

"போனமா, கையெழுத்துப் போட்டமா, வந்தமான்னு இருக்கணும். அங்க நின்னு வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கக் கூடாது" என்று சொல்லித்தான் அனுப்பினாள் மனைவி அஸ்மத் பீவி.

பார்த்துவிட்டார். விற்பனை அலுவலகத்தின் நடுவே கட்டடத்தின் மாதிரி ஆளுயரத்துக்கு நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் கடுகளவு விளக்கு. காலடியில் நீலக் கண்ணாடிக் கடல். அங்கே வேலை பார்க்கும் ஷியாமளா பொத்தானை அழுத்தியதும் பன்னிரண்டாம் மாடி மட்டும் பளீரென்று எரிந்தது. பால்கனியில் நகத்தளவு மனிதன் ஒருவன் கடலைப் பார்த்து நின்றான்.

"இது யாரும்மா?"

"நீங்கதான் சார்."

சித்தீக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் மேல போனா கடல் முழுசாத் தெரியுமா?"

வீடு திரும்பியபோது ஃபிளாட் முப்பத்தொன்பதாம் மாடிக்கு ஏறியிருந்தது.

"கேன்சல் பண்ணப் போன மனுசன் மாடி ஏறிட்டு வந்திருக்கீங்களே! நாளைக்கு நானே வர்றேன்."

வந்தாள். பாரத்தை வாங்கினாள். பேனாவைத் திறந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சமையல்கட்டு எந்தப் பக்கம்?"

ஷியாமளா இன்னொரு பொத்தானை அழுத்தினாள். விடிகாலை வெளிச்சம் போல ஒன்று கட்டடத்தின் மேல் மெல்லப் பரவி, முப்பத்தொன்பதாம் மாடிச் சமையலறை ஜன்னலில் வந்து நின்றது.

"யா அல்லாஹ்!" அஸ்மத் பீவி பேனாவை மூடினாள்.

வெளியே வரும்போது அவர்களுக்குக் கூடுதலாக இரண்டு கார் நிறுத்துமிடங்கள் சொந்தமாகியிருந்தன. கார்தான் இல்லை.

தெருவுக்கு வந்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "பொம்மையக் காட்டி மயக்குறா. எடத்தப் போய்ப் பாப்போம். வேலை நடக்கலன்னா அங்கேயே கையெழுத்து."

வியாழன் மதியம் பாரமும் கையுமாகப் போய் இறங்கினார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பூமியே திறந்துகிடந்தது. இருபது வருடம் டேப் பிடித்துப் பழகிய கண்ணால் ஆழத்தை அளக்கப் பார்த்தார் சித்தீக், முடியவில்லை. அடியில் இயந்திரங்கள் தீப்பெட்டிகளாக ஊர்ந்தன. விளிம்பில் மண் லாரிகள் வரிசைகட்டி நின்றன; எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டார். காலடியில் தரை அதிர்ந்தது. புழுதியில் சூரியனே மங்கிப்போனது. இத்தனையும் தன் முப்பத்தொன்பதாம் மாடிக்காக என்று நினைத்ததும் அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"சுப்ஹானல்லாஹ்! மலையவே பேத்து எடுத்துருவானுவ போல!"

அஸ்மத் பீவி அவர் கையிலிருந்த பாரத்தை வாங்கி நான்காகக் கிழித்தாள்.

"கம்பெனி படுத்துருச்சுன்னு சொன்னானுவல்ல? வந்து பாக்கச் சொல்லுங்க."

இருவரும் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததில் மணி ஐந்தரையாகிவிட்டது.

டூட்டி முடிந்து, சோனாப்பூர் கேம்ப்புக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக ஒரு தொழிலாளி வேலியோரம் வந்து குந்தினார். உடையப்பன் என்று பெயர், சிவகங்கைப் பக்கத்துக்காரர். தமிழ்க் குரல் கேட்டதும் சித்தீக் ஓடிப்போய் ஜூஸ் வாங்கிவந்து அவர் கையில் திணித்தார்.

"என்ன வேகம் தம்பி! கண்ணால பாத்தும் நம்ப முடியல."

"ராவும் பகலும் வேலை பாய். ஜல்தி ஜல்தின்னு உசிர எடுக்குறாங்க."

"எப்ப முடியும்?"

"இன்னும் ஒரு வாரம்."

"ஒரு வாரமா! அறுபது மாடியுமா?"

உடையப்பன் ஜூஸை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"மாடியா? அதத்தான் கலாஸ், வேணாம்னுட்டாங்களே பாய். எட்டு மாசமா தோண்டுன குழிய இப்ப மூடிக்கிட்டு இருக்கோம்."