உத்தரவாதமுள்ள காற்று

மனித குலம் தன்னைக் காத்துக்கொள்ளக் கோட்டை கட்டியிருக்கிறது, அகழி வெட்டியிருக்கிறது, தாயத்தும் கட்டிப் பார்த்திருக்கிறது. இவை எல்லாம் ஒருநாள் பழுதாகும். பழுதே ஆகாத காவல் ஒன்றுதான் உண்டு. அது, கொம்பனி முத்திரை குத்திய ஐந்து வருட உத்தரவாதம். சந்தேகம் இருந்தால் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் குருசுமுத்துவின் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வெறும் வயிற்றோடு போங்கள். அந்த வீட்டிலிருந்து சாப்பிடாமல் திரும்பியவர் ஒரே ஒருவர்தான்.

குருசுமுத்து அந்த வீட்டைப் புத்தம் புதிதாக வாங்கினார். நல்ல வெளிச்சமான வீடு. தோட்டத்தில் ஓர் அப்பிள் கன்றும் நின்றது. ஆனால் அவர் ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டது கூரைக்குள் இருந்த இயந்திரத்தைப் பற்றித்தான். அது வெளிக்காற்றை இழுத்துச் சுத்தம் செய்து, குளிர்காலத்தில் சூடாக்கி, கோடையில் குளிராக்கி, பருத்த குழாய்கள் வழியாக அறைக்கு அறை அனுப்பும். இயந்திரத்துக்கும் குழாய்களுக்கும் சேர்த்து உத்தரவாதம். அந்தப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு, வரவேற்பறையில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். படத்தின் கீழே இருந்த சிவப்புப் பல்பு இரண்டுக்கும் பொதுவாக எரிந்தது.

"ஆண்டவர் ஆத்துமத்தைப் பார்ப்பார். கொம்பனி காத்தைப் பார்க்கும். எனக்கு இனி என்ன கவலை?" என்பார்.

பத்திரத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை கொம்பனியின் ஆள் வந்து "முழுமையான பராமரிப்பு" செய்ய வேண்டும். அவரைத் தவிர வேறு எவரும் நடையின் சீலிங்கில் இருந்த சின்னக் கதவைத் திறந்து கூரைக்குள் ஏறக் கூடாது. ஏறினால் அந்தக் கணமே உத்தரவாதம் செத்துப்போகும்.

கொம்பனி அனுப்பிய ஆளின் பெயர் மோர்ட்டன். செம்பட்டைத் தாடி, நல்ல உயரம், கூச்ச சுபாவம். முதல் வருடம் வந்தபோது வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தோளில் ஏணியோடு நின்றார்.

"முதல்ல ஏணியை இறக்கும் தம்பி," என்று குருசுமுத்து டேனிஷும் தமிழுமாகச் சொன்னார். "வந்த களைக்கு ஒரு தேத்தண்ணி குடிக்காமல் ஏறுறதோ?"

தேத்தண்ணியோடு மீன் ரோல் வந்தது. ரோலுக்குத் துணையாகக் கட்லட் வந்தது. இவ்வளவு வந்த பிறகு சாப்பாடு போடாமல் விடுவது மரியாதை இல்லை என்று புட்டும் நண்டுக்கறியும் வந்தன. நண்டுக் காலை எப்படி உடைப்பது என்று குருசுமுத்துவே செய்து காட்டினார். கொம்பனி அந்த வீட்டுக்கு ஒதுக்கியிருந்த நேரம் நண்டின் பெரிய காலோடு முடிந்தது. மோர்ட்டன் கை கழுவினார். கதிரையில் இருந்தபடியே சீலிங்கை நோக்கிக் காதைச் சாய்த்தார். மேலே இயந்திரம் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

"நல்ல சத்தம்," என்றார்.

பராமரிப்புப் படிவத்தில் "எல்லாம் சிறப்பு" என்று எழுதி ஒப்பமிட்டார். "தக் ஃபோ மெல்" என்று டேனிஷ் முறைப்படி சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். சுவரில் சாய்ந்து நின்ற ஏணியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் பராமரிப்பு இதே முழுமையோடு நடந்தது. மோர்ட்டன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். போதும் என்று சொல்லத் தமிழில் ஒரு சொல்லும் படித்தார்: "காணும்." ஆனால் குருசுமுத்துவின் வீட்டில் காணும் என்றால் இன்னும் ஒரு அகப்பை போடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் வருடத்திலிருந்து அவர் ஏணியைக் கொண்டுவருவதையும் விட்டுவிட்டார். வீண் பாரம்தானே.

இந்தச் சீரான ஏற்பாட்டில் ஒரு சிறு குறை இருந்தது. குருசுமுத்துவின் மகள் துஷாராவின் அறைக்குக் காற்று வரவில்லை. சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. பிள்ளை இருமத் தொடங்கினாள். சன்னலைத் திறந்தால் குளிர், பூட்டினால் இருமல். கடைசியில் தலையணையைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைச் சோபாவுக்குக் குடிவந்தாள். உத்தரவாதப் பத்திரத்துக்கு நேர் கீழேதான் படுத்தாள். இதைவிடப் பாதுகாப்பான இடம் அந்த வீட்டில் எங்கே இருக்கிறது?

குருசுமுத்துவின் மனைவி விக்ரோரியா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள்.

"இஞ்சேருங்கோ, எங்கட இல்லத்தில இருக்கிற கிழவியளின்ர அறைக்கெல்லாம் காத்து வருது. என்ர பிள்ளையின்ர அறைக்கு வரேல்லை."

"வரும். உத்தரவாதம் இருக்குத்தானே."

"உத்தரவாதத்தையோ அவள் மூச்சா இழுக்கிறது?"

துஷாரா டென்மார்க்கில் பிறந்தவள். கோபம் அவளுக்கு டேனிஷில்தான் வரும். அவள் அப்பாவின் கையைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துப் போனாள். ஒரு டிஷ்யூத் தாளைக் காற்று வரும் துவாரத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பாருங்கள் அப்பா" என்றாள் டேனிஷில். தாள் அசையவில்லை.

குருசுமுத்து அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "இது நல்ல தரமான டிஷ்யூ பிள்ளை. பாரம் கூட. மலிஞ்சதில ஒண்டு எடுத்து வா."

அன்றைக்கே விக்ரோரியா கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். உத்தரவாதம் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. கொம்பனி ஒரு பெண் "நிபுணரை" அனுப்புவதாகச் சொன்னது. தொலைபேசியை வைத்த கையோடு அவள் கணவனிடம் தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"வாற மனிசிக்குத் தேத்தண்ணி இல்லை."

"என்னப்பா கதைக்கிறீர்? வீட்டுக்கு வந்த ஆளுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்காமலோ? சனம் என்ன நினைக்கும்?"

"எந்தச் சனம்?"

அவர் சன்னலால் தெருவை எட்டிப் பார்த்தார். ஒரு சனமும் இல்லை.

நிபுணர் வரும் நாள் காலையில் விக்ரோரியா குளிர்ப்பெட்டியில் இருந்த ரோல்ஸ் எல்லாவற்றையும் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டாள். தேத்தண்ணிக் கேத்திலைக் காருக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். காவல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நிபுணரின் பெயர் பிர்கிட்டே. ஒல்லியான பெண். வந்து சோபாவில் இருந்தார். குருசுமுத்து எதிரே இருந்து கைகளைப் பிசைந்தார். வெளியே மழை பெய்வதாகச் சொன்னார். பிர்கிட்டே ஆமாம் என்றார். அதற்கு மேல் அந்த அறையில் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. தட்டு இல்லை, கோப்பை இல்லை, உடைப்பதற்கு நண்டும் இல்லை. வேறு வழியில்லாமல் பிர்கிட்டே எழுந்து, "ஏணி இருக்கிறதா?" என்று கேட்டார்.

அந்த வீட்டின் சரித்திரத்தில் முதல்முறையாகக் கூரைக்கதவு திறந்தது.

"மேலே அருமையான காற்று!" என்று பிர்கிட்டேயின் குரல் கேட்டது. "ரண்டர்ஸிலேயே மிகச் சுத்தமான காற்று இங்கேதான் இருக்கிறது."

விஷயம் மிக எளிமையானது. துஷாராவின் அறைக்குப் போகும் குழாயை இயந்திரத்தோடு பொருத்தவே இல்லை. கட்டியவர்கள் தூசி போகாமல் இருக்கப் போட்ட மஞ்சள் பிளாஸ்ரிக் மூடி குழாயின் வாயில் அப்படியே இருந்தது. பிள்ளைக்குப் போக வேண்டிய காற்று ஐந்து வருடமாகக் கூரை மரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிர்கிட்டே இறங்கிவந்து தன் ஆவணக் கோப்பைத் திறந்தார். "ஒரே ஒரு கேள்வி. பராமரிப்புக்கு வந்தவர் ஒவ்வொரு வருடமும் குழாய்களைப் பார்த்தாரா?"

குருசுமுத்து நிமிர்ந்தார். மோர்ட்டன் அவருடைய கையால் சாப்பிட்ட பிள்ளை. சாப்பிட்டவனைக் காட்டிக்கொடுப்பதா?

"பார்த்தவர்," என்றார். "வடிவாப் பார்த்தவர்."

"அப்படியானால் அப்போது எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. பிறகு உங்கள் பாவனையில் ஏற்பட்ட கோளாறு இது. உத்தரவாதத்தில் அடங்காது."

"ஒரு நாளும் பார்க்கேல்லை!" என்றாள் விக்ரோரியா. "ஏணியில ஒரு படிகூட ஏறேல்லை!"

"அப்படியானால் பராமரிப்பே நடக்கவில்லை. உத்தரவாதம் முதல் வருடத்திலேயே செல்லாமல் போய்விட்டது."

குருசுமுத்து பத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். "அப்ப என்னதான் அடங்கும்?"

"குழாய் பழுதானால் அடங்கும்."

"இது பழுது இல்லையோ?"

"இல்லை. புதிதாகவே இருக்கிறது," என்றார் பிர்கிட்டே மகிழ்ச்சியோடு. "ஒரு நாளும் பாவிக்கவில்லையே."

விக்ரோரியா எழுந்து நடைக்குப் போனாள். வேலைக்குப் போடும் மெல்லிய நீலக் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். அலுமினிய ஒட்டுப் பட்டி ஒரு சுருளை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

"நீங்கள் தொட்டால் உத்தரவாதத்தில் மிச்சம் இருப்பதும் முடிந்துவிடும்," என்று பிர்கிட்டே எச்சரித்தார்.

"கேட்டீரோ விக்ரோரியா? முடிஞ்சிடுமாம்!" என்று குருசுமுத்து பதறினார்.

சோபாவில் துஷாரா இருமினாள்.

குருசுமுத்து சுவரில் இருந்த பத்திரத்தைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். ஏணி ஆடியது. அவர் போய் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

மேலே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பட்டி கிழியும் சத்தம். மஞ்சள் மூடி ஒன்று கூரைக்கதவு வழியாக விழுந்து உருண்டு, பிர்கிட்டேயின் காலடியில் போய் நின்றது. தன் அறைக்குள் ஓடிய துஷாரா டிஷ்யூத் தாளைத் தூக்கிப் பிடித்தாள். அது அந்த நல்ல தரமான, பாரமான தாள்தான். பட்டம் போல எழும்பியது.

"அப்பா! வருது, வருது!" என்று கத்தினாள். இந்த முறை தமிழில்.

உத்தரவாதம் அன்றைக்கு இறந்தது. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு அந்த வருடத்தில் ஒரு வருகை பாக்கி இருந்ததால், அது மட்டும் உயிரோடு இருந்தது. அடுத்த மாதம் மோர்ட்டன் வழக்கமான நேரத்துக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வழக்கமான கதிரையில் அமர்ந்தார். பிர்கிட்டேக்குத் தேத்தண்ணி கொடுக்காத பாவம் குருசுமுத்துவை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பரிகாரமாக அன்றைக்கு இறால் பொரியலும் சேர்ந்திருந்தது. துஷாரா தன் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மோர்ட்டன் இரண்டாவது முறை புட்டுப் போட்டுக்கொண்டு, சீலிங்கை நோக்கிக் காதைச் சாய்த்தார். முகம் மாறியது. மறுபடியும் சாய்த்தார்.

"இது சரியில்லை," என்றார். "வருடக்கணக்காகக் கேட்ட சத்தம் இது இல்லை. யாரோ எதையோ கெடுத்துவிட்டார்கள்."

விரலை நக்கித் துடைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். முதல்முறையாக அதில் "பழுது" என்று எழுதி ஒப்பமிட்டார். பிறகு இறால் பொரியல் இருந்த பக்கம் கையை நீட்டினார்.

குருசுமுத்து இறால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காணும் தம்பி."